தேங்காய் நின்ற கோணம்

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் பாடம் தொடங்கிய வாரத்திலிருந்து எனக்கு உலகமே செங்கோண முக்கோணங்களாகத் தெரிய ஆரம்பித்தது. சுவரில் சாய்த்த ஏணி, மண் கொட்டத் தூக்கிய டிப்பர், பாக்கு மரமும் அதன் நிழலும், எதைப் பார்த்தாலும் மனம் தன்பாட்டுக்கு ஒரு கோடு இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கம் தெரிந்தால் போதும், தெரியாத கோணம் தானாக வந்து நிற்கும் என்பது எனக்கு மந்திரமாக இருந்தது. மத்தியானங்களில் தோப்பில் படுத்தபடி, கொல்லிமலை உச்சியை அண்ணாந்து பார்க்கும் கோணம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்து அப்படியே தூங்கிப்போவேன். விழிக்கும்போது மலை அங்கேயேதான் இருக்கும். கோணந்தான் கிடைத்திருக்காது.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று இருந்தது அந்தப் பாக்குத் தோப்பு ஒன்றுதான். மரங்கள் காய்ப்புக்கு வரும் சமயம் பார்த்து போர்வெல் வற்றிவிட்டது. புதிதாக ஒன்று போடத்தான் எங்களுக்குச் சக்தி. அதுவும் பொய்த்தால் தோப்பே போய்விடும் என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பக்கம் துளை போடும் ரிக் வண்டியைக் கூப்பிடும் முன் தேங்காய் வைத்துப் பார்ப்பார்கள். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நிலத்தில் மெல்ல நடக்க வேண்டும். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். எல்லோர் கையிலும் நிற்காது, ஓ பாசிட்டிவ் ரத்தம் வேண்டும் என்பார்கள். அப்பாவுக்கு அந்த ரத்தம். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் பார்த்துக் கொடுத்திருந்தார்.

எங்கள் தோப்பில் பார்த்த அன்று, கிழக்கு வரப்போரம் தேங்காய் எழுந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வரப்பைத் தாண்டி இருபதடியில் பெரியப்பாவின் கிணறு. பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா அந்தக் கிணற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “மேக்காலயும் ஒருக்கா பாத்துரலாம்” என்று நடந்தார். மேற்கு மூலையிலும் தேங்காய் எழுந்தது. இரண்டு இடத்திலும் நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எங்கே நன்றாக நின்றது என்பதில்தான் தகராறு.

“கெழக்கால தானுங்க நல்லா நின்னுது” என்றாள் அம்மா.

அப்பா என்னிடம் திரும்பினார். “நீ போட்டோ எடுத்தியல்ல சாமி? உம்பட பொஸ்தகத்துல கோணம் கண்டுபுடிக்கறாங்களே, அப்பிடிப் பாத்துச் சொல்லு. நீ சொல்ற எடத்துலயே போட்டுரலாம்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. போன் திரையின் மேல் மெல்லிய தாளை வைத்து, தேங்காயின் அடியிலிருந்து குடுமி வரை கோடு இழுத்தேன். அது கர்ணம். திரையின் கீழ்விளிம்புக்கு இணையாக ஒரு கோடு, செங்குத்தாக ஒரு கோடு, முக்கோணம் தயார். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தேன். கிழக்கே இரண்டு வந்தது, மேற்கே நான்கு. டேன் அட்டவணையில் விரல் வைத்துத் தேடினால் கிழக்கு அறுபத்துமூன்று பாகை சொச்சம், மேற்கு ஏறக்குறைய எழுபத்தாறு.

“மேக்கால தானுங்கப்பா! பதிமூணு டிகிரி ஜாஸ்தி” என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். “ஏனுங்க, மேக்கால கை மட்டமாத்தான் இருந்துதுங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்தாவது தாண்டாத அம்மா என் கணக்கைச் சந்தேகப்படுவதா? தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டி எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். “புள்ளதான் கணக்குப் போட்டுச் சொல்லுதே, அப்பறம் என்ன?” என்றார் அப்பா.

ரிக் வந்த அன்று பெரியப்பா தன் கிணற்று மேட்டில் நின்றிருந்தார். வரப்புக்கு அப்பாலிருந்தே என்னைக் கேட்டார்: “எங்க சாமி போடறீங்க?”

“மேக்கால, பெரியப்பா.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணூறு அடி வரை வெறும் வெள்ளைப் புழுதி. மரம், மட்டை, எங்கள் தலை எல்லாம் கிழங்கு மாவு கொட்டினாற்போல் ஆகி, தோப்பே கனவில் வரும் இடமாக மாறிவிட்டது. ஆயிரம் அடியில் அரை இஞ்சு தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். அந்தக் கோடையில் பாதித் தோப்பு காய்ந்துபோனது. என்னால்தான் போனது என்று முக்கோணவியல் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன். அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அது இன்னும் வலித்தது.

அப்பா நோட்டை எடுத்துப் புழுதியைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “கணக்குல தப்பில்ல சாமி. உம்பட கணக்கு சரிதான்” என்றார்.

என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் அதிகமாக அழுதேன். கிழக்கே ஆயிரம் அடி இறக்கியிருந்தால் பெரியப்பாவின் கிணறு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முக்கோணத்தின் அடிக்கோட்டைத் திரையின் விளிம்பை வைத்துப் போட்டேனே தவிர, மேற்கே சாய்ந்திருந்த அப்பாவின் கையை வைத்துப் போடவில்லை என்பதும் உறைக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று தெரியாமல், விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன்.