கோட்டைக்குப் போன என் கல்யாண மாலை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்கள் இருந்த காலத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் குப்பம். மணலும் தாழம்புதரும் உண்டு; மாலை கட்டப் பூ கிடையாது. திருப்பாலைவனத்தில் கோயிலுக்குப் பூக்கட்டும் அம்மாளிடம் ஒரு மாதம் முன்பே வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கே தெரிந்த இந்த விஷயத்தை என் நைனா ஒப்புக்கொள்ளவில்லை.

“மீனை இன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லிவெச்சா புடிக்கிறோம்? பூவும் அன்னிக்குப் போனா அன்னிக்குக் கெடைக்கும்.”

எட்டு நாள்தான் இருந்தது. பொறுக்க முடியாமல் நானும் அத்தையும் படகேறி, மீதி தூரம் நடந்து அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். நாளைக் கேட்டதும் அவர் கையை விரித்தார்.

“அன்னிக்குக் கோட்டையிலயும் கல்யாணம். தோட்டத்துப் பூ மொத்தமும் அவங்க சொல்லிட்டாங்க. மாலை வேணாமாம், தண்டோட தாமரையை ஜாடியில வெப்பாங்களாம்.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “கல்யாணப் பொண்ணு யாரு?”

“நான்தாம்மா.”

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கல்யாணப் பொண்ணே பூ கேட்டு வந்து இப்பத்தான் பாக்குறேன். சரி, ரெண்டு மாலை மட்டும் கட்டித் தரேன். மாப்பிள்ளை எவ்ளோ ஒசரம்?”

நான் மாப்பிள்ளையை ஒரே முறை பார்த்திருந்தேன், அதுவும் படகில் உட்கார்ந்திருந்தபோது. “உக்காந்தா ஒசரமாத்தான் இருக்காரு,” என்றேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் ஒரே படகில் இரண்டு கூடைகள் வந்தன. படகுக்காரர் ஒன்றைக் கோட்டையில் இறக்கிவிட்டு, மற்றதை எங்களிடம் கொடுத்தார். திறந்தால், நீளத் தண்டோடு தாமரைகள்! என் மாலைகள் கோட்டைக்குப் போய்விட்டன. திரும்பப் போகக் காற்று எதிராக இருந்தது, முகூர்த்தமும் நெருங்கிவிட்டது. நான் ஓவென்று அழுதேன்.

நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. விடுவிடுவென்று போய் வலைநூல் கண்டை எடுத்துவந்தார். “டேய், வாங்கடா எல்லாரும்!” என்றார். வலை பின்னும் ஐந்தாறு பேர் மணலில் உட்கார்ந்து, தண்டை ஒடித்துத் தாமரைகளை நூலில் இறுக்கினார்கள். மேளம் தொடங்கும்போது இரண்டு மாலைகள் தயாராகிவிட்டன. அழகாகவே இருந்தன. கொஞ்சம் குட்டைதான். மாப்பிள்ளைக்குப் போட்டபோது தலைப்பாகையில் மாட்டிக்கொண்டது. நான் இழுக்க, அவர் குனிய, தலைப்பாகை என் கைக்கு வந்துவிட்டது. பந்தலே சிரித்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். அப்போதுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மத்தியானம் படகுக்காரர் அசடு வழிய வந்தார். “கோட்டை மாப்பிள்ளை ரெண்டு மாலையும் தானே போட்டுக்கினு நிக்கிறாரும்மா. கேட்டா தரமாட்டேன்றாரு!”

எங்கள் மாலைகளையும் லேசில் கழற்ற முடியவில்லை. ஈரத்தில் நூல் இறுகிப்போய்த் தலைக்கு மேலே வரவில்லை, வலைமுடிச்சும் அவிழவில்லை. கடைசியில் அத்தை மீன் அரியும் கத்தியோடு வந்து, “ஆடாம நில்லுங்க மாப்பிள்ளை,” என்றாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.