சரியாகப் பத்து நிமிடம்

கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். ரத்தம் எடுப்பதற்கு முன்பே ரிசல்ட் வந்துவிட்டதாக ரிப்போர்ட் சொல்கிறது. டாக்டர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஆட்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, லேபின் லினக்ஸ் சர்வரையே மாற்றச் சொன்னார்களாம். இன்று காலை, உள்ளூரில் கம்ப்யூட்டர் சரிசெய்யும் என்னை லேபிலிருந்து கூப்பிட்டார்கள்.

பரிசோதனை மெஷினில் நேரம் சரி. ரத்தம் எடுத்த நேரத்தைப் பதியும் சர்வரில் மட்டும் சரியாகப் பத்து நிமிடம் அதிகம். இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தும் சர்வீஸ் நின்றிருந்தது.

தானாகக் கெட்ட கடிகாரம் இவ்வளவு அழகாகப் பத்து நிமிடம் முந்தி ஓடாது. யாரோ வேண்டுமென்றே வைத்தது என்று இந்த கேஜிஎஃப்காரிக்குத் தெரியாதா?

ஓனரிடம் கேட்டேன். "அண்ணா, டைம நீங்க மாத்தினீங்களா?"

"ஆமா மேடம். ஸ்டாஃப் அட்டெண்டன்ஸ் இதுலதானே? பத்து நிமிசம் ஃபாஸ்ட்டா வெச்சாதான் கரெக்டா வராங்க. அது தானா பின்னாடி போய்னே இருந்துச்சு. அதான் அந்த சர்வீஸ ஆஃப் பண்ணிட்டேன். இன்னா தப்பு?"

சர்வீஸை மறுபடி ஓடவிட்டேன். நேரம் சரியானது. மொத்தம் இருபது நிமிட வேலை!

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிடம் ஃபாஸ்ட்தான். அதில் மட்டும் கை வைக்க மாட்டேன். பெங்களூர் ரயிலை நான் இதுவரை விட்டதே இல்லை.

உங்கள் வீட்டில் எத்தனை நிமிடம்?