உடும்புப்பிடியை விலக்கிய எல்லப்பன் அண்ணன்

எல்லப்பன் அண்ணன் இப்படித்தான் போவார் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் எங்கள் ஊரான ஊரிகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளலாம். "இந்த மனுஷன் படுக்கையில் சாக மாட்டார், யாரையாவது பிரித்துவிட்டுத்தான் போவார்" என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கறிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் குடியிருப்பு லைன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே, "கோபாலு, ரெப்ரி பூட்டாரு" என்று சொல்லிக்கொண்டு போனார். குத்துச்சண்டை நடுவரான அண்ணனை ஊரே ரெப்ரி என்றுதான் கூப்பிடும். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்களாம். அண்ணன் நடுவில் கையை நுழைத்து இருவரையும் விலக்கி, யார் குடம் முதலில் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. கறி வாங்காமல் திரும்பினேன்.

அவரிடம் எச்சரிக்கை வாங்கியவர்களுக்கும், அவர் கையால் ரிங்கை விட்டு வெளியேறியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

அண்ணன் என் தோள் உயரம்தான் இருப்பார். தங்கச் சுரங்க வாயிலில், ஆட்களைச் சுமக்கும் இரும்புக் கூண்டான கேஜ் இறங்கவும் ஏறவும் மணி அடிப்பது அவர் வேலை. கேஜ் கீழே பாயும்போது வயிறு நெஞ்சுக்கு ஏறும்; பக்கத்தில் நிற்பவன் பகையாளியாக இருந்தாலும் அவனைக் கட்டிக்கொள்வோம். இந்தப் பழக்கம் எங்கள் ஆட்கள் கையுறை மாட்டிய பிறகும் போகவில்லை. ஒரு நல்ல அடி விழுந்தால் போதும், எதிராளியைக் கட்டிக்கொண்டு அவன் தோளில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். பெங்களூரில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், இது குத்துச்சண்டையா, சம்பந்தி வரவேற்பா என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஊரை விட்டு விரட்டியவர் எல்லப்பன் அண்ணன். நானும் கொஞ்சம் உதவினேன்.

மற்ற நடுவர்கள் தோளைப் பிடித்து இழுப்பார்கள். இழுபட்டவன் தடுமாறும்போது மற்றவன் ஒரு குத்து விடுவான். அண்ணன் இழுக்க மாட்டார். "பிரேக்" என்று ஒரே ஒரு முறை சொல்வார். கேட்காவிட்டால் இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துவிடுவார். இருவரும் ஓர் அடி பின்னால் வைத்த பிறகுதான் அடுத்த குத்து. ஒருமுறை இரண்டு பேர் ஒரு ரவுண்டு முழுக்கக் கட்டிக்கொண்டே நின்றார்கள். அண்ணன் மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீங்க பேசி முடிச்சிட்டுக் கூப்புடுங்க. நான் டீ குட்சிட்டு வரேன்" என்றார். மைதானமே சிரித்ததில் இருவரும் வெட்கப்பட்டு விலகினார்கள். பார்த்தவர்கள் ஆயிரம் பேர் என்று சொல்வேன். குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறைத்துக்கொள்ளலாம்.

எதிராளி பிடிக்கிறான் என்று நான் ஆட்டத்தின் நடுவில் புகார் சொல்கிறவன். ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "எங்கிட்ட இன்னாத்துக்குடா அழுவுற? அவன் புடிச்சான்னா நீ ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டு. நீ புடிக்கலன்னு எனக்குத் தெரியணும். மூஞ்சியப் பாத்தா ரெண்டு பேரும் பாவமாத்தான் கீறீங்க. நான் கைய மட்டும்தான் பாக்குறேன்." இந்த உபாயத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

இனி, எல்லோரும் கேட்கும் அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் முனுசாமி என்று ஒருவன். கதவு மாதிரி உடம்பு. பிடித்தால் விடமாட்டான் என்பதால் உடும்பு முனுசாமி என்று பெயர். அவனுக்கும் எனக்கும் இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை கிடக்கட்டும், மேல்வேலை கிடைக்கும் என்று பேச்சு. தரைக்கு மேலே, வெயிலைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை. இருவருமே கீழே போகிறவர்கள். சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதினால் இருவர் வீட்டிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், முனுசாமியின் பெண்டாட்டி ராஜம்மா, அண்ணனின் சொந்தத் தங்கை. வேறு நடுவரைப் போடுங்கள் என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். "ஊரிலேயே நேரான கண் அவருக்குத்தான், அவரே இருக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னவன் நான். ஆட்டத்துக்கு முதல் நாள் ராஜம்மா அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, அவரு கீழ போய் வர்ற வரைக்கும் தாலியப் புட்சிக்கினு உக்காந்துகினு கீறேன். இந்த ஒரு ஆட்டத்துக்குக் கண்ண மூடிக்க."

"கண்ண மூடிக்கினு மணி அட்சா கேஜ் இன்னாவும்மா?"

"அப்ப எங்கூட்டு வாசப்படிய மிதிக்காத."

முதல் ரவுண்டில் நான் முனுசாமியின் மூக்கில் எத்தனை குத்து விட்டேன் என்று எனக்கே நினைவில்லை, அவ்வளவு. இரண்டாவதில் அவன் தன் தொழிலைத் தொடங்கினான். என் வலது கையைத் தன் கக்கத்தில் சொருகிப் பூட்டிக்கொண்டான். நான் இடது கையை விரித்துக் காட்டினேன். அண்ணன் "பிரேக்" என்றார், விலக்கினார், எச்சரித்தார். மறுபடி பிடித்தான். மறுபடி எச்சரிக்கை. பாலகாட்டுக்காரர்கள், "யோவ், தங்கச்சி மூஞ்சிய நெனச்சிப் பாருய்யா" என்றார்கள். மூன்றாம் ரவுண்டு தொடங்கும்போது அண்ணன் எங்கள் இருவரையும் நடுவில் நிறுத்தினார். "இனிமே எவன் புட்சாலும் அவன் வெளிய. எவனா இருந்தாலும்."

ரவுண்டு பாதி ஓடியிருக்கும். சுரங்கத்தின் அடியில் எங்கோ, அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலுக்குக் கீழே பெரிய மிருகம் புரண்டு படுத்தது போல இருந்தது. மேடை ஆடியது, கயிறு ஆடியது. முனுசாமி என்னைக் கட்டிக்கொண்டான். நான் தூண் மாதிரி நின்றேன்.

மைதானத்தில் எல்லோரும் சுரங்க ஷாப்டுப் பக்கம் திரும்பி, கீழே எந்த ஷிப்டு, யார் வீட்டு ஆள் என்று மனசுக்குள் தேடினார்கள். ஆபத்து இல்லை, எல்லோரும் பத்திரம் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் சத்தம் திரும்பியது. திரும்பியதும் எங்கள் ஊரிகத்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "புட்சிட்டான், வெளிய அனுப்பு" என்று ஒரே குரல்.

அண்ணனுக்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அனுப்பியிருந்தால், தங்கை புருஷன் என்றும் பாராத தர்மராஜா என்று ஊர் தோளில் தூக்கியிருக்கும். அவர் கையை உயர்த்தி, "பூமி ஆடினப்ப புட்சது தப்புல சேராது. ஆட்டம் நடக்கும்" என்றார்.

"மச்சானுக்குப் பந்தியில மொத எல போட்டாச்சுடா" என்று ஒருவன் கத்தினான். செருப்பு ஒன்று பறந்து வந்தது. அண்ணன் அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, "பாக்ஸ்" என்றார்.

கொஞ்ச நேரம் முனுசாமி ஒழுங்காகத்தான் ஆடினான். பிறகு என் இடது கை அவன் விலாவில் ஆழமாக இறங்கியது. அவனால் தாங்க முடியவில்லை. இரண்டு கையாலும் என் இடுப்பைச் சுற்றிக்கொண்டான். பூமி அசையவில்லை. அண்ணன் உள்ளங்கையை நுழைத்தார், விலக்கினார், முனுசாமியின் மூலையைக் காட்டினார். அவன் போனான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினார். அவர் உயரத்துக்கு அது என் காது வரைதான் வந்தது. இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தால் நானே அவனைப் படுக்க வைத்திருப்பேன். அண்ணன் அவசரப்பட்டுவிட்டார். தாரை தப்பட்டையோடு ராபர்ட்சன்பேட்டை கடைத்தெரு முழுக்க என்னைத் தூக்கிப் போனார்கள். சினிமாவுக்கு நின்ற கூட்டம் டிக்கெட்டை விட்டுவிட்டு என் பின்னால் வந்தது.

அன்று சாயங்காலம் மாலையைக் கழற்றாமலே அண்ணனோடு பாலகாட் போனேன். ராஜம்மா வாசலை அடைத்து நின்றாள்.

"பூமி ஆடினப்ப புட்சத கணக்குல சேத்தியா?"

"இல்ல."

"அப்பறம் புட்சதுக்குத்தான் அனுப்புனியா?"

"ஆமா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த மாலக்காரன் இன்னாத்துக்கு வந்து நிக்கிறான்?"

"சோத்துக்கு" என்றார் அண்ணன்.

அவள் வழிவிட்டாள். அண்ணன், முனுசாமி, நான் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முனுசாமி அடுத்த வருஷம் யாரையும் பிடிக்காமல் ஆடி ஜெயித்து, அவனும் மேலே வந்துவிட்டான். நான் சுரங்க விளக்கு அறையில், அவன் பட்டறையில். இருவரும் இன்றைக்கும் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போகிறோம்.

திங்கட்கிழமை அண்ணனைத் தூக்கியபோது முன் பக்கம் நானும் முனுசாமியும். நான் பின்னால் வந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். முனுசாமி தோளை மாற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "ஏன் கோபாலு, ரெப்ரியே பூட்டாரு. இன்னுமா அத்த அப்டியே சொல்லிக்கினு கீற?"

சரி. மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நான் கட்டியது. பூமி ஆடியபோது நான் தூண் மாதிரி நிற்கவில்லை. முனுசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டுதான் நின்றான். அவனைக் கட்டிக்கொண்டது நான். கண்ணை மூடிக்கொண்டு, அவன் கழுத்தை விடாமல். மூன்று பேருக்குத்தான் தெரியும். கூட்டம் ஷாப்டைப் பார்த்துக்கொண்டிருந்தது; திரும்பியபோது கட்டிக்கொண்டு நின்றது உடும்புதான் என்று நினைத்துக்கொண்டது. செருப்பு விழுந்தபோதும், ராஜம்மா வாசலில் கேட்டபோதும், "உம்புருசன் புடிக்கவே இல்ல" என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பக்கத்தில் மாலையோடு நின்றேன். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கோப்பை எங்கோ போய்விட்டது. என்னிடம் இருப்பது, எங்கள் இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் நுழைந்த அந்த உள்ளங்கையும், என் காதில் மட்டும் விழும்படி அவர் சொன்னதும்தான்.

"வுடுடா கோபாலு. நாம மேலதான் கீறோம்."