வலப்பக்கம் கட்டிய மவுஸ்

ஒரகடத்தில் எங்கள் டெஸ்பேட்ச் அலுவலகத்தில் மவுஸைத் தொடுகிறவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்போம். லாரி கேட்டில் நின்று ஹாரன் அடிக்கும்போது, திரையில் அம்புக்குறியைத் தேடிப் பிடித்து, பட்டனுக்கு மேல் கொண்டுபோய் வைத்து அழுத்த யாருக்குப் பொறுமை? கீபோர்டில் இரண்டு டேப், ஒரு என்டர். பில் வெளியே வந்துவிடும். என் மவுஸின் மேல் தூசிதான் இருக்கும்.

என் மகள் நேர் எதிர். நான் கீபோர்டைத் தட்டுவதைப் பார்த்தாலே, "இன்னாம்மா, தையல் மிஷினா ஓட்டுற?" என்பாள்.

சில வாரங்களுக்கு முன் சேரப்பணஞ்சேரி திருப்பத்தில், ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன மணலில் அவள் ஸ்கூட்டர் வழுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. எங்களுக்குப் பின்னால் வந்த டிரெய்லர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. குக்கர் விசிலடித்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

கட்டுப் பிரிக்கும் முன்பே, ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்கான கம்ப்யூட்டர் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: குன்றத்தூரில் எங்கள் தெருமுனைக்கே கம்பெனி பஸ் வரும். கிடைக்காவிட்டால் பழைய வேலை, பழைய ஸ்கூட்டர், அதே திருப்பம்.

"இடது கையால மவுஸ் பிடிச்சா தடுமாறுவ. கீபோர்டுலயே எல்லாம் முடியும்டி" என்று சொல்லி, வீட்டு மவுஸைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"வூட்லயே எனக்கு லாக்அவுட்டா?" என்று கத்தினாள். ஆனாலும் மாதிரித் தேர்வில் டேபைத் தட்டிக் கேள்விக்குக் கேள்வி தாவி, ஸ்பேஸ் பாரால் விடையைக் குறிக்கப் பழகிவிட்டாள்.

தேர்வு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் நடந்தது. நான் லீவு போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் இடது கை ஒழுங்காகத் தட்டியது. திடீரென்று நாற்காலியை வலப்பக்கம் முழுசாகத் திருப்பிக்கொண்டாள். அவள் முகம் பக்கத்துப் பையனின் திரைக்கு நேராக இருந்தது. கண்காணிப்பாளர் விறுவிறுவென்று அவளிடம் போனார். என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"சார், இன்னா ஆச்சு சார்?"

"மேடம், நீங்க வெளிய போங்க. உங்க பொண்ணு பக்கத்து ஸ்கிரீனப் பாக்குது."

"மவுஸத்தான் சார் பாக்குறேன்!" என்றாள் மகள். "அத இந்தாண்ட கட்டி வெச்சுக்கிறீங்க. ஒரு கேள்விக்குப் படத்தப் புடிச்சு இழுத்துப் பெட்டில போடணும் சார். கீபோர்டுல நகரவே மாட்டேங்குது. திரும்பி உக்காந்தாதான் இடது கை எட்டுது."

அவர் குனிந்து பார்த்தார். திருட்டுப் போகாமல் இருக்க, எல்லா மவுஸின் வயரையும் மேசையின் வலது காலோடு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள். பிறகு அவள் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா எழுத வுட மாட்டீங்களோன்னு பயம் சார்."

அவர் எங்கிருந்தோ ஒரு நகவெட்டியைக் கொண்டுவந்து டேகை வெட்டி, மவுஸை இடப்பக்கம் இழுத்து வைத்தார். "இது காணாமப் போச்சுன்னா நீதாம்மா பொறுப்பு" என்றார். லேபே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும், "உன் கீபோர்டு அந்த ஒரு கேள்வில படுத்துடுச்சும்மா" என்றாள்.

"மத்தது?"

"மத்தது எல்லாம் டேப்புதான். அதுல மிச்சமான நேரத்துலதான் இத இழுத்துப் போட்டு முடிச்சேன்."

அடுத்த வாரம் போனில் தகவல் வந்தது. "கெடச்சிடுச்சும்மா!" என்று குதித்தாள்.

"பஸ் உண்டுல்ல?"

"இன்னா வேல, எவ்ளோ சம்பளம்னு கேக்க மாட்டியா?"

"அத அப்பால சொல்லு. பஸ் எத்தினி மணிக்கு?"

கட்டுப் பிரித்த பிறகு அவள் வேலையில் சேர்ந்தாள். காலையில் அவளோடு தெருமுனை வரை போகிறேன். அவள் ஏறி உட்கார்ந்து, பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் என் அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன்.