சோடாவில் அலசாத கயிறு

ஓட்டிஸ் ஸ்டில்ட்னர் தைத்த வேட்டைப்பை தோளில் கிடந்தால் அந்த மலைப் பள்ளத்தாக்கில் அதற்குத் தனி மரியாதை. நிலக்கரிச் சுரங்கம் நுரையீரலைத் தின்றுவிட்டு மனிதரை வெளியே துப்பிய பிறகு, உட்கார்ந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு இதுதான். வருகிறவனை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நேர் கீழே பை வந்து உட்காரும்படி தோள்வாரை அளந்து வெட்டுவார். வாரிலிருந்து ஒரு சாண் தோல்கயிறு தொங்கும். அதன் நுனியில், ஒரு வெடிக்கு வேண்டிய மருந்து மட்டும் பிடிக்கும் எலும்புக் குப்பி.

வெடிமருந்து நிரப்பிய மாட்டுக்கொம்பிலிருந்து மருந்தைக் குப்பியில் அளந்து, அதிலிருந்துதான் அந்தப் பழைய மாதிரித் துப்பாக்கியின் குழலுக்குள் வாய்வழியே ஊற்ற வேண்டும். கொம்பையே குழல்வாயில் கவிழ்த்தால், முந்திய வெடியின் தணல் ஒரு பொட்டு உள்ளே கிடந்தாலும் போதும், கொம்பு மொத்தமும் கையிலேயே வெடிக்கும்.

ஹார்லிஸ் ராட்லிஃப் நவம்பரில் அப்படித்தான் செத்தான். ஓட்டிஸோடு சுரங்கத்தில் இறங்கி ஏறியவன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் அவன் மனைவி வெர்லீன் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"குப்பியக் காணோம்ணே. புதுசா ஒண்ணு கட்டிக் குடுங்க, என் தம்பி எடுத்துக்கிறேங்கிறான். எனக்கு இதக் கண்கொண்டு பாக்க முடியல."

"எங்க போச்சு குப்பி?"

"யாரு கண்டா? மான் குண்டு பட்டு, எந்திரிக்க மாட்டாமக் கத்திக்கிட்டுக் கெடந்திருக்கு. இன்னொரு வெடி போட இவரு குப்பியத் தடவினா, இல்லையாம். கூடப் போன க்ளோவிஸ் சொன்னான். அது படுற பாட்டப் பாக்கச் சகிக்காம கொம்ப அப்படியே கவுத்துட்டாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப சனிக்கிழமை சுட்டுப் பழகுற மைதானத்துல அத்தன பேரும் இளிக்கிறானுங்க. நாப்பது வருசம் சுட்டவனுக்குச் சின்னப் புள்ளைக்குத் தெரிஞ்சது தெரியலையாம். செத்தும் மானம் போச்சுண்ணே."

ஓட்டிஸ் வாரில் மிஞ்சியிருந்த கயிற்றுத் துண்டை விரலால் மடக்கினார். காய்ந்த புகையிலை போல அது ஒடிந்தது.

கயிறு கருகருவென்றிருந்தது. துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்ட வினிகரில் முக்கினால் புதுத் தோல்கூட நூறு வருடப் பழசாகக் கறுத்துவிடும். பழசாகத் தெரியும் பைக்குத்தான் அங்கே மவுசு. ஆனால் முக்கியதைச் சோடா உப்புத் தண்ணீரில் அலசியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் புளிப்பு உள்ளே தங்கித் தோலை அரித்துவிடும். ஹார்லிஸுக்கு இந்தப் பையைத் தைத்த வருடம் அவர் பைகளை அலசினார், வார்களை அலசினார். கயிறுதானே என்று கயிறுகளை மட்டும் அப்படியே காயப்போட்டார். மூச்சு இரைத்தது, இன்னொரு வாளி தண்ணீர் தூக்கச் சோம்பல்.

புதுக் கயிறு கட்ட இரண்டு நிமிடம் ஆகும். யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்தது, வந்ததற்காக அவருக்கே வெட்கமாக இருந்தது.

"வெர்லீன், உன் புருசன் முட்டாள் இல்லம்மா. தப்பு என் மேல."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. ஒடிந்த துண்டைப் பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? சனிக்கிழமை மைதானத்துக்கு வாங்க. அவனுங்க காதுல விழணும்."

சனிக்கிழமை ஓட்டிஸ் மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதலில் க்ளோவிஸ்தான் தன் பையைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தான்.

"நீயே வச்சுக்க. உன் கைவேல இனி என் தோள்ல ஏறாது."

ஒருவர் பின் ஒருவராக ஏழு பைகள் விழுந்தன. வெர்லீன் வண்டியருகே கைகட்டி நின்று கடைசிப் பைவரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஓட்டிஸால் அத்தனையையும் ஒரே நடையில் தூக்க முடியவில்லை. இரண்டு நடை நடந்தார். யாரும் கைகொடுக்கவில்லை.

வீட்டில் ஒவ்வொரு பையின் கயிற்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான்கு தாங்கின. மூன்று கையோடு வந்துவிட்டன. அதில் ஒன்று க்ளோவிஸுடையது.