முனிகிருஷ்ணன் அணைத்த சிவப்பு விளக்கு

புத்தூரிலிருந்து நகரி போகும் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் முனிகிருஷ்ணனுக்குச் சுற்று வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. அவன் கை வைத்தால் வண்டி கிளம்பிவிடும் என்பார்கள். அந்தப் பேச்சை ஊர் எவ்வளவு நம்பியதோ தெரியாது, அவன் முழுசாக நம்பினான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பத்தாவது தேறவில்லை. டிராக்டருக்கு கிரீஸ் அடித்துப் பழகி, சென்னையில் ஒரு ஷெட்டில் ஆறு வருடம் கிடந்து, கார் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் ஒன்றோடு ஊர் திரும்பினான். ஸ்கேனர் வந்த பிறகு ஆளின் நடையே மாறிவிட்டது. வேறு மெக்கானிக் பார்த்த வண்டி என்றால் பானெட்டைத் திறக்கும்போதே ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வண்டி கிளம்பிவிடுமே, என்ன பேசுவது?

இந்தப் பக்கத்துக்காரர்கள் வண்டி வாங்கினால், பழசானாலும் சரி, காணிப்பாக்கம் கொண்டுபோய் விநாயகருக்கு முன்னால் நிறுத்திப் பூஜை போடுவார்கள். இவனிடம் வருகிறவர்களுக்கு அதோடு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிற வண்டியைச் சாமி முன்னால் நிறுத்தக் கூடாதாம். முதல் நாளே வந்து நிற்பார்கள், லைட்டை அணைத்துக் கொடு என்று. ஸ்கேனரைச் சொருகி ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு போய்விடும். கோளாறு போகாது, கம்ப்யூட்டர் எழுதிவைத்த குறிப்புதான் போகும். இது முனிகிருஷ்ணனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்படி வந்தவர்தான் கோவர்த்தனன். நகரிப் பக்கம் மாந்தோப்பும் கொஞ்சம் கரும்பும் வைத்திருப்பவர். அவர் மனைவி சுலோசனாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்களும் வியாழனும் திருப்பதிக்கு டயாலிசிஸ் போக வேண்டும். பஸ்ஸில் போய் வந்தால் அந்த அம்மாள் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். அதற்காகவே சென்னையில் ஒரு பழைய ஹைபிரிட் கார் பார்த்து வாங்கினார். பாதி நேரம் பேட்டரியிலேயே ஓடும், சத்தமில்லை, அதிர்வில்லை. பின் சீட்டில் மெத்தை போட்டு, கம்பளி விரித்து, அவளைப் படுக்க வைத்தே கூட்டிப் போனார்.

மீட்டரில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. முனிகிருஷ்ணன் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தான். பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி சூடாகிறது, அதைக் குளிர வைக்கிற விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று காட்டியது. பின் சீட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை, அரை நாள் பிடிக்கும்.

"நாளைக்கு காணிப்பாக்கம் போறோம்பா. இப்போதைக்கு அணைச்சுக் குடு" என்றார் கோவர்த்தனன்.

"அணைச்சுடறேண்ணா. பூஜை முடிச்சுக்கினு கொண்டாந்து வுடுங்க, தொறந்து பாக்கலாம்."

பூஜை முடிந்தது. விளக்கு எரியவில்லை. எரியாத விளக்குக்காக யார் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள்? இவனும் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பங்குனி வெயிலில் பதினோரு மணிக்கு அவர் போன் வந்தது.

"வடமாலப்பேட்ட தாண்டி வண்டி நின்னுபோச்சு, முனிகிருஷ்ணா. நல்லாதான் போய்க்கினு இருந்துச்சு. திடீர்னு இழுக்கல. ஊர்ந்து ஊர்ந்து ஓரமா வந்து நின்னுடுச்சு. பொத்தான அமுக்கினா மீட்டர் எரியுது, ஸ்டார்ட் ஆவல. இவளுக்கு வேற காலைலர்ந்து மூச்சு வாங்குது."

இருபது நிமிடத்தில் பைக்கில் போய்ச் சேர்ந்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுலோசனா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு அடைக்கிறதென்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனரைச் சொருகினான். மூன்று வாரத்துக்கு முன் அழித்த அதே கோளாறு, கூடவே புதிதாக இன்னும் இரண்டு.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இது ரோட்டில் தீர்கிற விஷயமில்லை. அப்போதே வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை போதும். சொன்னால், அன்றைக்கே இதைப் பார்த்தாயே என்று கேட்பாரே என்ற பயம் ஒரு பக்கம். தான் கை வைத்தும் கிளம்பாத வண்டி என்று ஒன்று இருக்கக் கூடாது என்ற திமிர் இன்னொரு பக்கம்.

"நூத்தியெட்டுக்கு போன் போடட்டுமா?" என்றார் கோவர்த்தனன்.

"எதுக்குண்ணா? நா வந்துட்டேன் இல்ல. பத்து நிமிஷம் குடுங்க."

மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் கொடுக்கிற சின்ன பேட்டரியின் ஒயரைக் கழற்றி வைத்துக் காத்திருந்தான். அதுவும் விளக்கை அணைக்கிற வித்தைதான், வேறு ரூபத்தில். திரும்ப மாட்டியதும் வண்டி கிளம்பியது. கோவர்த்தனன் கை எடுத்துக் கும்பிட்டார். இவன் அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டே பைக்கில் பின்னால் போனான்.

இரண்டு கிலோமீட்டரில் மறுபடி நின்றது. மறுபடி கழற்றினான், காத்திருந்தான், மாட்டினான். வண்டி அசையவில்லை. மூன்றாவது தடவையும் கழற்றினான். "அண்ணி, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று திரும்பிப் பார்த்தபோது சுலோசனாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதற்கப்புறம்தான் நூற்றியெட்டுக்குப் போன் போனது. வண்டி நின்றதிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ரேணிகுண்டா தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸிலேயே அவள் உயிர் போய்விட்டது.

காரை இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார்கள். எட்டு நாள் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்பதாம் நாள் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பின் சீட்டைக் கழற்றினான். சீட்டின் பக்கவாட்டில் வலை போட்ட ஒரு துளை இருக்கும். விசிறி அது வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. சுலோசனாவின் கம்பளி அந்தத் துளையை மூடிக்கொண்டே கிடந்திருக்கிறது. விசிறியில் கம்பளிப் பஞ்சு அடை அடையாக அப்பியிருந்தது. பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் கட்டைகளில் நான்கு உப்பிப் போயிருந்தன. வலையைத் துடைத்து, கம்பளியை அந்தப் பக்கம் போடாதீங்கண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அரை நாள் வேலை. முனிகிருஷ்ணன் டயர் மேல் உட்கார்ந்து அழுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கோவர்த்தனன் வந்தார். மொட்டைத் தலையில் துண்டு போட்டிருந்தார். கழற்றிக் கிடந்த சீட்டையும் பஞ்சையும் குனிந்து பார்த்தார்.

"அந்த ஓட்டைல காத்து சில்லுனு இழுக்குது, குளுருதுன்னு சொன்னா அவ. நா தான் கம்பளிய அண்டக் குடுத்தேன். அதான் காரணமாப்பா? நானே அவள கொன்னுட்டனா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஊரும் அதையே நம்பிவிடும். முனிகிருஷ்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"இல்லண்ணா. காணிப்பாக்கம் போறதுக்கு மொத நாளே எனக்குத் தெரியும். பாத்துட்டுத்தான் அணைச்சேன்."

"சரி. அணைக்கச் சொன்னது நா தானே."

"அன்னிக்கு ரோட்லயும் தெரியும்ணா. வந்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது ஓடாதுன்னு."

கோவர்த்தனன் நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா பத்து நிமிஷம் கேட்ட?"

"ஆமாண்ணா."

அவர் கை ஓங்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் இவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ வர்றதுக்கு மின்ன ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. திருப்பதிக்கு ஏத்திக்கினு போறேன்னான். இவ ஒரு கால எடுத்து உள்ள வெச்சுட்டா. அப்ப உன் பைக் வர்றது தெரிஞ்சுது. முனிகிருஷ்ணன் வந்துட்டான், இனி பயமில்ல, எறங்குன்னு நா தான் அவள எறக்கினேன்."

துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.