அசையாத குழந்தையம்மாள்

"இடியே தலைமேல உழுந்தாலுஞ் சரிங்க, நான் சவாசனத்துல படுத்துட்டேன்னா கண்ணைத் தொறக்க மாட்டேன். தொறந்தா என்ற பேரையே மாத்திப்போடுங்க!"

தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கோடையில், கோவை கணபதியில், யோகா வாத்தியார் நரசிம்மலுவின் மொட்டை மாடியில் வைத்துக் குழந்தையம்மாள் வெளியிட்ட பிரகடனம் இது. லேத் பட்டறை பாலுசாமியின் மனைவி, இரண்டு பிள்ளைகளின் தாய். பேரை மாற்றச் சொன்னதில் உள்நோக்கம் இருந்ததாகச் சிலர் கருதுகிறார்கள். முப்பது வயதைத் தாண்டியும் தெருவே தன்னைக் 'குழந்தே' என்று கூப்பிடுவதில் அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி இருந்ததில்லை.

பிரகடனத்துக்குக் காரணம் இருந்தது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நரசிம்மலு, மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பெண்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கப் போகிறார். அதை நடத்த ஒரு பெண் வேண்டும். சனிக்கிழமை அவரிடம் யோகா படிக்க வரும் பெண்கள் எல்லாரும் சவாசனத்தில் படுக்க வேண்டியது, அலாரம் அடிக்கும்வரை அசையாமல் கிடப்பவர் எவரோ அவருக்கே வகுப்பு.

குழந்தையம்மாளுக்கு அந்த வகுப்பு வேண்டும். உயிரே போனாலும் வேண்டும். படிக்கப் போகிறவளைப் பாதியில் கூப்பிடலாம்; "அம்மா, என்ற சாக்ஸ் எங்க?" என்று மாடிப்படியில் நின்று கத்தலாம். சொல்லிக் கொடுக்கிறவளை எவன் கூப்பிடுவான்? தினம் ஒரு மணி நேரம், எந்த சாக்ஸைப் பற்றியும் ஒன்றுமே தெரியாத பெண்ணாக இருக்கலாம்.

ஆகவே அவள் பயிற்சியில் இறங்கினாள். தனியாக நேரம் என்று ஒன்று அவளிடம் இல்லாததால் இருக்கிற நேரத்துக்குள்ளேயே ஆசனங்களைச் செருகினாள். கிரைண்டர் ஓடும்போது பக்கத்திலேயே பத்மாசனம். ஒரு கையில் சின்முத்திரை, மறு கையால் உளுந்து மாவைத் தள்ளிவிடுவது. குக்கர் ஒரு விசில் அடிக்கும்வரை மூச்சை இழுப்பது, அடுத்த விசில்வரை விடுவது. பருப்பு வேகாத ஒரு நாளில் இந்த முறையால் முகம் நீலம் பாய்ந்ததை வெற்றியாகவே கணக்கில் வைத்துக்கொண்டாள். மகள் ரித்திகாவுக்குச் சடை பின்னும்போது ஒற்றைக் காலில் விருட்சாசனம்.

"அப்பா, அம்மா மறுக்கா மரமாயிட்டாங்க" என்று மகன் மோகன்குமார் அறிவித்துவிட்டு, பள்ளிக்கூடப் பையை அவள் முழங்கையில் மாட்டினான்.

பாலுசாமி செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். "ஏம்மணி, மரம் காப்பி போடுமா?"

"மரத்துகிட்டக் கேட்டுட்டு வாரேனுங்க" என்றாள், கால் மாற்றிக்கொண்டு.

சனிக்கிழமை வந்தது. அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வராமல் இருந்தது: தண்ணீர். அந்தக் கோடையில் தெருக்குழாயில் சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்பது கடவுளுக்கும், வால்வு திறக்கிறவருக்கும் மட்டுமே தெரியும். நாள் கணக்கில் குடங்கள் வரிசையில் நின்று உரிமையாளர்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தன. ஆனால் தண்ணீர் வரும்போது ஆள் பக்கத்தில் இல்லாத குடம் அனாதை. அதை யாரும் பின்னால் தள்ளலாம். இதுதான் சட்டம். சட்டசபையில் நிறைவேறாததால் எல்லாரும் மதித்தார்கள்.

அந்தக் குழாய் நரசிம்மலு வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே இருந்தது.

பெண்கள் பாயில் மல்லாந்தார்கள். வாத்தியார் தாமும் பத்மாசனத்தில் அமர்ந்து, அலாரம் அடிக்கும்வரை கண் திறப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். "கால் விரல் தளருதுங்க... முழங்கால் தளருதுங்க..."

குழாய் இருமியது.

பிறகு புஸ்ஸென்று காற்று விட்டது. சொந்தமாக போர்வெல் போட்டிருந்த நரசிம்மலுவுக்கு அது வெறும் சத்தம். பாய்களின் மேல் கிடந்த சவங்களுக்கோ நரம்பெல்லாம் முறுக்கேறியது.

பக்கத்துப் பாயிலிருந்து உம்மல் குல்சும் கிசுகிசுத்தாள். அடுத்த வீட்டுக்காரி, முதுகுவலிக்காக வகுப்புக்கு வருவதாகச் சொல்லிக்கொள்பவள். "அம்மணி, வந்துருச்சு."

"எனக்குக் கேக்குலீங்க்கா."

"தெருவே கேக்குது, உனக்குக் கேக்குலியா? எந்திரி."

"சவம் எந்திரிக்காதுங்க்கா."

"சவத்தைக் குளிப்பாட்டவும் தண்ணி வேணும் கண்ணு" என்றாள் குல்சும், செருப்பைக் கையில் எடுத்தபடி.

ஒவ்வொருத்தியாகப் படியிறங்கினார்கள். வளையல் குலுங்கவில்லை, கொலுசு பேசவில்லை. அந்தத் தெருப் பெண்கள் இத்தனை அமைதியாக எதையும் செய்ததாகத் தகவல் இல்லை. யோகாவின் பலன் என்றே சொல்ல வேண்டும்.

குழந்தையம்மாள் மட்டும் கிடந்தாள். வகுப்பு அவளுடையது. அலாரம் வரை படுத்துக் கிடந்தால் போதும். மாலை ஐந்து, மாலை ஆறு, சாக்ஸ் இல்லாத உலகம்.

கீழே 'கர்ர்ர்ர்' என்றது. வரிசையில் எல்லாம் பிளாஸ்டிக் குடங்கள். பித்தளை ஒன்றே ஒன்றுதான், அவள் கிணத்துக்கடவு அம்மா வீட்டுச் சீராகக் கொண்டுவந்தது. கல்லில் இழுபட்டால் அதன் குரல் தனி.

"தாடை தளருதுங்க..."

தாடை இறுகியது. வீட்டில் அண்டா காய்ந்து கிடந்தது. பிள்ளைகளின் யூனிபாரம் சோப்புத்தூளில் ஊறிக்கொண்டிருந்தது.

'கர்ர்ர்ர்.'

"நெத்திச் சுருக்கமெல்லாம் மறையுதுங்க..."

'கர்ர்ர்ர்.'

இடி விழவில்லை. குழந்தையம்மாள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும்.

சற்று நேரம் கழித்து, கண் மூடியபடியே நரசிம்மலு கேட்டார்: "ரெண்டு மூணு பேரு எந்திரிச்சுப் போனாப்புல இருக்குது. குழந்தையம்மா, நீங்க இருக்கறீங்களா?"

"இருக்கேனுங்க."

வாத்தியாருக்கு மெய்சிலிர்த்தது. "பாருங்க! குரல் எங்கியோ ஆழத்துல இருந்து வருது. இத்தனை வருசத்துல நான் கேட்டதில்லீங்க. திங்கக்கிழமையிலிருந்து கிளாஸ் உங்களுதுங்க."

கைப்பிடிச் சுவருக்குக் கீழே, யாருடையதோ ஒரு பச்சைக் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுப் பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்தாள் குழந்தையம்மாள். தண்ணீர் விழும் சத்தம் மேலே கேட்காதபடி குடத்தின் வாய்க்குள் முந்தானை நுனியைத் தொங்கவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிய குல்சும் அக்காவை ஒரு முறை முறைத்தாள்.

பிறகு அண்ணாந்து, மிக மெல்ல, "சரிங்க" என்றாள்.